கிராமத்தில் ஒரு சிறு கணனிக் கடை

மீள்குடியேறிய கிராமங்களில் நடைபெறும் கூட்டங்களில் பசளை, வீட்டுத்திட்டம், யானைவேலி ஆகியவற்றோடு இப்போது இன்னொரு கேள்வியும் எழுகின்றது. "மகன் கணனி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். கையில் கொஞ்சம் காசு உண்டு. ஒரு கடை போட்டுக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வி எங்கிருந்து வருகின்றது என்பது திருகோணமலை மாவட்டத்தில் வாழும் எவருக்கும் விளங்கும். 2006 இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தன. சம்பூரில் 818 ஏக்கர் காணியை விடுவிக்கும் அறிவித்தல் 2015 இல்தான் வந்தது. அன்று முகாமில் தவழ்ந்த குழந்தை இன்று இருபது வயதைத் தாண்டிய இளைஞன். தகப்பன் பத்து வயதிலேயே வரம்பு கட்டப் பழகியவர். மகனுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை. இருக்கும் காணியையும் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டுதான்.

ஆகவே கடை போடும் எண்ணத்தைப் பிழை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எப்படிப்பட்ட கடை, எவ்வளவு முதல், வருமானம் எதிலிருந்து வரும் என்பவற்றை ஆராயாமல் இறங்கினால், நட்டஈடாகவோ சீட்டாகவோ சேர்ந்த காசு ஒரு போகத்துக்குள் கரைந்துவிடும். பழைய கணனிகளை வாங்கித் திருத்தி, கட்டற்ற மென்பொருளை இட்டு விற்பதோடு அவற்றைப் பராமரித்தும் கொடுக்கும் சிறு கடையே நமது கிராமங்களுக்குப் பொருந்தும் என்பது எமது கருத்து. அதற்கான காரணங்களையும் அதிலுள்ள இடர்களையும் இங்கு பார்ப்போம்.

மென்பொருளும் விதைநெல்லும்

கையால் தொடக்கூடிய இயந்திரத்தை இயக்குவதற்கு எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். நாம் காணும் பெரும்பாலான கணனிகளில் இருக்கும் விண்டோஸ், மைக்ரோசொப்ற் கொம்பனிக்குச் சொந்தமானது. நாம் காசு கொடுத்து வாங்குவது அதைப் பாவிக்கும் அனுமதியை மட்டுமே. அதைப் பிரதிசெய்து அயலவருக்குக் கொடுக்க முடியாது. உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கின்றது என்று பார்த்துத் திருத்தவும் முடியாது.

விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினத்தில் ஒரு மூடையை விதைக்கென்று எடுத்து வைக்கலாம். அயல் வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து இனத்தைத் திருத்தலாம். கொம்பனி விற்கும் கலப்பின மரக்கறி விதை அப்படியன்று. அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. ஒவ்வொரு போகமும் புதிதாகப் பைக்கற் வாங்கவேண்டும். கட்டற்ற மென்பொருள் அந்தப் பழைய விதைநெல் போன்றது. யாரும் பாவிக்கலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

இதன் வரலாறு ஒரு பிறின்ரரில் தொடங்கியது என்றால் சிலர் சிரிப்பார்கள். 1980 அளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், தாள் அடிக்கடி சிக்கிக்கொண்ட ஒரு புதிய பிறின்ரரின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். அதன் மூல எழுத்து வேறொரு பல்கலைக்கழகத்தவர் ஒருவரிடம் இருந்தது. கேட்டபோது, "தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்ற கருத்தில் மறுமொழி வந்தது. அந்த மறுப்பு அவர் மனதை விட்டு நீங்கவில்லை. 1983 செப்ரெம்பரில் எவரும் பகிரக்கூடிய ஒரு முழுமையான இயங்குதளத்தை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். அதற்கு வேண்டிய கருப்பகுதியை 1991 இல் பின்லாந்து மாணவர் லினுஸ் தோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். பின்னர் வந்த டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ற் என்பன அதைச் சுற்றி வெவ்வேறு குழுக்கள் கட்டிய தொகுப்புகளாகும்.

"இலவசமாகக் கிடைப்பதை விற்பது நியாயமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமே. பெரும்பாலான இம்மென்பொருட்களுக்கு உள்ள ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் பிரதியை விலைக்கு விற்பதை அனுமதிக்கின்றது. வாங்குபவருக்கும் அதே சுதந்திரத்தைக் கொடுக்கவேண்டும், மூல எழுத்தை அவர் பெற வழி இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. விதைநெல்லைச் சுத்தம் செய்து, காயவைத்து, மூடையில் கட்டிக் கொண்டுவந்து தருபவர் தமது கூலியை வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 'சிஸ்டம் 76' என்ற கொம்பனி 2005 முதல் இப்படியே லினக்ஸ் இட்ட கணனிகளை விற்று வருகின்றது.

நமது நாட்டிலும் உண்டு

இது வெளிநாட்டார் விளையாட்டு என்று எண்ணவேண்டாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது என்ற விபரங்களை ஒழுங்குபடுத்த ஒரு முறை அப்போது இருக்கவில்லை. லங்கா சொப்ற்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்தவர்களும் இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்களும் சில நாட்களுக்குள் அதற்கென ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். அதற்குச் 'சஹன' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். கட்டற்றதாக வெளியிடப்பட்டமையால் 2005 இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்சின் மண்சரிவிலும், 2010 இல் எயிற்றியிலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டம் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான விருதை அதற்கு வழங்கியது. முகாமில் பெயர் பதிந்து காத்திருந்த மக்களின் துன்பத்திலிருந்து பிறந்த மென்பொருள் இது. வேறு நாட்டு முகாம்களுக்குப் போய் உதவியிருக்கின்றது.

அயலில் கேரளம் இன்னொரு படிப்பினையைத் தருகின்றது. 2001 இல் 'ஐ.ரி. அற் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கிய அம்மாநிலம், சில ஆண்டுகளில் அரச பாடசாலைகளின் கணனிக் கல்வியை லினக்சுக்கு மாற்றியது. வெறுமனே தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதே இங்கு கவனிக்கப்படவேண்டியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கேற்பப் பாடநூல் எழுதினார்கள். பத்தாம் வகுப்புச் செயன்முறைப் பரீட்சையையும் அதிலேயே நடத்தினார்கள். கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் புதிய பொருள் ஊரில் நிலைக்கும். கிராமத்துக் கடையின் வேலை அந்த ஆளாக இருப்பதே.

ஏன் இப்போது?

விண்டோஸ் 10 என்ற பதிப்புக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதி நிறுத்தியது. பதிவு செய்தவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதற்குமேல் வீட்டுப் பாவனையாளருக்கு இல்லை. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, ஏறக்குறைய 2018 க்கு முன் வந்த கணனிகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. இயந்திரம் நன்றாக இருக்கின்றது. மென்பொருள்தான் அதைக் கைவிட்டது. இத்தகைய கணனிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. கொழும்பு பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாப் பகுதியிலும் வேறிடங்களிலும் பாவித்த மடிக்கணனிகள் விலைக்கு வருகின்றன. அவற்றின் பழைய ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, 4 ஜி.பி. அல்லது 8 ஜி.பி. றாம் இருப்பதை உறுதிசெய்து, லினக்ஸ் மின்றை இட்டால் பாடசாலைப் பிள்ளைக்கும் சிறு அலுவலகத்துக்கும் அது தாராளமாகப் போதும். மேசைக்கணனியைவிட மடிக்கணனியே நமக்கு நல்லது. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாதிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

களவு விண்டோசை ஒரு சிறு தொகைக்கு இட்டுக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, உரிமம் இல்லை என்று தெரிந்துகொண்டே மென்பொருளை இலாபத்துக்காகப் பாவிப்பது குற்றம். தண்டமும் சிறையும் உண்டு. சட்டத்தை விட்டாலும், பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளோடு வைரசும் சேர்ந்து வருவது வழமை. சொந்த ஊரில் முகம் தெரிந்தவர்களுக்கு விற்கும் ஒருவர் இதில் தலையிடாமல் இருப்பது நல்லது.

கணக்கு என்ன சொல்கின்றது?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கணனி விற்றால் இலாபம் வரும் என்று எண்ணிக் கண்ணாடி அலுமாரியும் பெயர்ப்பலகையும் செய்கிறார்கள். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் இடத்து விலையை நீங்களே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பாவித்த மடிக்கணனி ஒன்று 40,000 ரூபா, எஸ்.எஸ்.டி. 10,000 ரூபா, போக்குவரத்து 2,000 ரூபா என்றால் அடக்கவிலை 52,000 ரூபா. அதை 60,000 ரூபாவுக்கு விற்கிறோம். மிச்சம் 8,000. உத்தரவாதக் காலத்தில் பழுது வந்தால் செய்து கொடுக்க அதில் 1,000 ரூபாவை ஒதுக்கவேண்டும். ஆகவே 7,000. கிராமத்தில் மாதம் இரண்டு விற்றாலே பெரிய காரியம். அப்படியாயின் 14,000 ரூபா. கடை வாடகை 10,000, கரண்டும் இன்ரநெற்றும் 6,000 எனக் கொண்டால் செலவு 16,000. மாத முடிவில் 2,000 ரூபா நட்டம். பிள்ளையின் உழைப்புக்குச் சம்பளம் இன்னும் போடவில்லை.

இனி மறுபக்கம். தட்டச்சு, பிறின்ற், ஸ்கான் ஆகியவற்றில் செலவு போக நாளுக்கு 500 ரூபா, மாதம் 24 நாள் என்றால் 12,000. பழைய கணனியைத் துப்புரவாக்கி லினக்ஸ் இட்டுக் கொடுப்பதற்கு 1,500 ரூபா கூலி, மாதம் எட்டுக் கணனி என்றால் 12,000. பத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு, ஆளுக்கு 1,000 என்றால் 10,000. மொத்தம் 34,000. அந்த 2,000 நட்டத்தைக் கழித்தாலும் 32,000 கையில் நிற்கும். கடையை வீட்டு விறாந்தையில் வைத்தால் வாடகை 10,000 மிச்சம், 42,000.

கணனிப் பெட்டியில் கிடைப்பது சிறிது. கைவேலையில் கிடைப்பதே குடும்பத்துக்குச் சோறு போடும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவர் பைதன் என்ற நிரல்மொழி படிக்கவேண்டும். அதுவும் கட்டற்றதே, லினக்சில் பெரும்பாலும் முன்னரே இருக்கும். ஆகவே வகுப்புக்கென்று மென்பொருள் செலவே கிடையாது.

இதனாற்றான் முதல் மூன்று மாதத்துக்கு விற்பனைச் சரக்கு எதையும் வாங்கவேண்டாம் என்கிறோம். கடைக்கு ஒரு கணனி, ஸ்கானருடன் கூடிய பிறின்ரர் ஒன்று, திருப்புளிச் செற், சில பென் டிரைவ்கள் போதும். லினக்சை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நூறு கணனிகளுக்கு அதையே பாவிக்கலாம். முன்பு 2005 முதல் 2011 வரை உபுண்டுத் தட்டுக்களை இலவசமாகத் தபாலிலேயே அனுப்பினார்கள், இப்போது இறக்கிக்கொள்ளவேண்டும். இரவு நேர டேற்றா மலிவாயிருந்தால் அப்போது இறக்குங்கள்.

முதலுக்காகக் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனை எடுக்கவேண்டாம். நுண்கடனில் பெண்கள் பட்ட பாட்டின் காரணமாக 2018 இல் வடக்கு, கிழக்கு உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. நமது ஊர்களில் காசு கிழமைதோறும் வருவதில்லை. பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வரும். சிறுபோகம் முடிந்து ஆவணி, புரட்டாதியில் வரும். விற்கும் கணனியை அக்காலத்துக்கு ஆயத்தமாக வைத்திருங்கள். அறுவடைக்குத் தருகிறேன் என்று கேட்பவரிடம் பாதியாவது முற்பணமாக வாங்குங்கள். மீதியைத் தாளில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். உறவினரிடமும் அப்படியே. கொப்பியில் எழுதாத கடன் நெடுகச் சொந்தத்தைக் கெடுக்கும்.

வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லுதல்

வருகிறவர் முதலில் கேட்பது இதுதான்: "தம்பி, இதில விண்டோஸ் இருக்கா?" இல்லை என்று நேரே சொல்லவேண்டும். "இல்லை அண்ணே, இது லினக்ஸ். இருந்து பாருங்கோ, பிடிச்சால் எடுங்கோ" என்று கதிரையைப் போட்டுக் கொடுங்கள். பென் டிரைவிலிருந்தே லினக்சை இயக்கிக் காட்டலாம். கணனியில் எதையும் அழிக்கத் தேவையில்லை. இணையம், யூரியூப், வங்கி, அஸ்வெசும விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் உலாவியில் வழமைபோலவே திறக்கும். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெ ஒபிஸ் உண்டு.

இயலாதவற்றையும் சொல்லவேண்டும். கலியாண அல்பம் செய்பவர் பாவிக்கும் போட்டோசொப் இதில் நேரடியாக ஓடாது. சில கணக்கியல் மென்பொருட்களும் விளையாட்டுக்களும் ஓடா. வேர்டில் செய்த சிக்கலான அட்டவணை லிப்ரெ ஒபிசில் சிறிது இடம் மாறித் தெரியலாம். சிலவகைச் சிறிய லேசர் பிறின்ரர்கள் லினக்சோடு ஒத்துவரா. வாங்குவதற்கு முன் பொருத்திப் பார்க்கவேண்டும். இவை கட்டாயம் வேண்டும் என்பவருக்கு லினக்ஸ் கணனியைத் தலையில் கட்டவேண்டாம். உரிமத்தோடு விண்டோஸ் வாங்கும்படி சொல்லி அனுப்புங்கள். ஒரு விற்பனை போகும். ஆனால் அவர் ஊரில் கதைக்கப்போவது உங்கள் நேர்மையைப் பற்றியே.

மொழி பற்றி ஒரு வார்த்தை. திருகோணமலையில் ஒரே வீதியில் மூன்று மொழி கேட்கும். லினக்சில் இரங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, சிங்கள விஜயசேகர ஆகிய மூன்றையும் ஒரே கணனியில் வைத்து ஒரு விசையால் மாறலாம். நமது அலுவலகங்களில் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் புழங்குகின்றன. பாமினியை லினக்சிலும் இட்டு வாசிக்கலாம். ஆனால் புதிதாக அடிப்பதை யுனிகோட்டில் அடிப்பதே முறை. பாமினியில் அடித்ததை வேறிடத்துக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தெரியும். தமிழும் சிங்களமும் பிழையின்றி அடித்துக் கொடுக்கும் கடைக்கு எல்லாச் சமூகத்தவரும் வருவர். லினக்சின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையானதன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் உள்ள தொண்டர்கள் செய்வது அது. சில பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். விருப்பமுள்ள இளைஞர் அதைத் திருத்தவும் சேர்ந்துகொள்ளலாம்.

உறுதிகளும் படங்களும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இக்கடை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கணனி விற்பதிலும் இல்லை. ஓடிய ஓட்டத்தில் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தொலைத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் பலரை மறுபடியும் வீடுகளிலிருந்து எழுப்பியது. பத்திரங்களை ஸ்கான் செய்து இரண்டு பென் டிரைவில் இட்டு, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு ஊர்ச் சொந்தக்காரரிடமும் வைக்கச் சொல்லுங்கள். பிரதி மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. எனினும் உறுதி இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடி மறுபிரதி எடுப்பது எவ்வளவோ இலகு. காணிப் பிணக்கு நடக்கும் காலத்தில் அந்த இலக்கமே ஒரு குடும்பத்தின் பக்கத்தில் நிற்கும் சாட்சி.

இங்கு ஒரு கண்டிப்பு வேண்டும். ஸ்கான் செய்த பத்திரத்தைக் கடைக் கணனியில் வைத்திருக்கக்கூடாது. அவர் கண்முன்னே அழித்துக் காட்டுங்கள். திருத்த வந்த கணனியில் உள்ள படங்களைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். தனிப்பட்டோர் தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கின்றது என்பது ஒருபுறம். ஒரு பெண்பிள்ளையின் படம் கடையிலிருந்து வெளியே போனால் அன்றோடு கடை மூடவேண்டியதுதான். இதே காரணத்துக்காக, கடையில் இருப்பவர் பெண்பிள்ளையாக இருப்பது பல தாய்மாருக்கு ஆறுதலாக இருக்கும். மகன் மட்டுமே கணனிக்கு உரியவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

சில நடைமுறை விடயங்கள்

தொழிற்பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவு செய்யுங்கள்; கிராம சேவகரின் கடிதம் தேவைப்படும். உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள். விற்கும் ஒவ்வொரு கணனிக்கும் பற்றுச்சீட்டும் மூன்று மாத எழுத்து உத்தரவாதமும் கொடுங்கள். பற்றரி பழையது என்றால் அதில் எழுதுங்கள்.

கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்று கணனியின் இணைப்புக்களைக் கறளேற்றும். சரக்கை மூடிய அலுமாரியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெள்ளம் ஏறும் ஊராயின் மேசைக்கும் மேலே ஒரு தட்டு அடித்து, மழைக்காலத்தில் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவையுங்கள்.

தெரியாத பழுது வந்தால் கேட்பதற்கு ஆள் தேவை. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணனி விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நமது ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. லீவில் வரும்போது கடைக்குக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் இருத்திவையுங்கள்.

இதைக் குழுவாகக் கூடி வாசிப்பவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவாருங்கள். எத்தனை வீட்டில் கணனி இருக்கின்றது, அவற்றில் எத்தனை வேலை செய்யாமல் துணி போர்த்திக் கிடக்கின்றது என்று எழுதுங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் பஸ்ஸில் நகரத்துக்குப் போவது இலகுவாயிற்று. ஆனால் ஒரு கடிதம் அடிப்பதற்காகவோ ஒரு விண்ணப்பம் நிரப்புவதற்காகவோ கடந்த மாதம் எத்தனை பேர் போனார்கள், பஸ் காசும் அன்றைய கூலியும் சேர்த்து எவ்வளவு போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தொகையைக் கூட்டி, மேலே காட்டிய மாதச் செலவு 16,000 ரூபாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் ஊரில் இப்போதைக்குக் கடை வேண்டாம்; அயல் ஊர் இரண்டையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். கூடவாக இருந்தால், துணி போர்த்திய கணனிகளில் ஒன்றை இரவல் வாங்கி அதிலிருந்து பிள்ளை கைப்பழக்கத்தைத் தொடங்கட்டும்.